செய்தியாளர் டூ உளவு அதிகாரி... யார் இந்த பி.ராமன்? 8 ஆண்டுகள் வெளிவராமல் இருந்த கட்டுரையின் கதை!

ஆண்டிபட்டியில் ஒரு அரசியல் பொதுக்கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நின்று ஜெயித்த தொகுதி. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? மேடைக்கு முன்னால் தொண்டர்கள், சுற்றிலும் காக்கிச் சட்டைகள். இந்த இரண்டிலும் சேராமல், சாதாரண உடையில் ஒருவர் ஓரமாக நிற்பார். யார் பேசினார், என்ன பேசினார், எவ்வளவு பேர் வந்தார்கள், எந்தப் பேச்சுக்குக் கைதட்டல் விழுந்தது என எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அவர் யார் என்று ஊர்க்காரர்களுக்கும் தெரியும். 'தனிப்பிரிவு' போலீஸ்காரர்.

அவருக்குப் பக்கத்திலேயே ஒரு பத்திரிகை நிருபரும் நிற்பார். அவரும் கிட்டத்தட்ட அதையேதான் குறித்துக்கொண்டிருப்பார். ஒரே கூட்டம், ஒரே பேச்சு. ஆனால் நிருபர் எழுதியது மறுநாள் காலையில் ஊருக்கே தெரியும். தனிப்பிரிவு போலீஸ்காரர் எழுதியது மேலதிகாரியின் மேஜைக்கு மட்டும்தான் போகும்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே வாழ்க்கையில் பார்த்த ஒரு தமிழர் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து, பத்திரிகையில் வேலை பார்த்து, பிறகு போலீஸ் அதிகாரியாகி, இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான 'ரா'வில் 26 ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வு பெற்ற பிறகு மீண்டும் எழுத்துக்கே திரும்பியவர். பெயர் பகுகுடும்பி ராமன். சுருக்கமாக பி.ராமன்.

உளவு அமைப்புகளைப் பற்றி இந்தியாவில் அதிகம் எழுதியவர்களில் ஒருவர் அவர். அவர் எழுதி, அவரே வெளியிட வேண்டாம் என்று நிறுத்தி வைத்த ஒரு கட்டுரை, அவர் இறந்து 2 ஆண்டுகள் கழித்து நாட்டையே விவாதிக்க வைத்தது. யார் இந்த ராமன்? அந்தக் கட்டுரையில் என்ன இருந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

உளவுத்துறை என்றால் ஒன்றா, பலவா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'உளவுத்துறை' என்று செய்திகளில் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரே துறை கிடையாது.

மாவட்ட அளவில் இருப்பது தனிப்பிரிவு. ஜாதி மோதல், கட்சிக் கூட்டம், சாலை மறியல் போன்ற உள்ளூர் விஷயங்களைக் கவனித்து மாவட்ட எஸ்.பி.க்குத் தகவல் தருவது இவர்கள் வேலை. மாநில அளவில் எஸ்.பி.சி.ஐ.டி. இருக்கிறது. தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்க 'கியூ' பிரிவு தனியாக இருக்கிறது.

மத்திய அரசில் இரண்டு பெரிய அமைப்புகள். உள்நாட்டுக்கு ஐ.பி. எனப்படும் இன்டெலிஜென்ஸ் பீரோ. 1887ல், வெள்ளையர் காலத்திலேயே தொடங்கிய அமைப்பு இது. வெளிநாட்டுக்கு 'ரா', அதாவது ரிசர்ச் அண்ட் அனாலிசிஸ் விங். 'ஆராய்ச்சி மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு' என்று பெயரைக் கேட்டால் ஏதோ கல்லூரித் துறை மாதிரி இருக்கும். ஆனால் இதுதான் அண்டை நாடுகளில் என்ன நடக்கிறது என்று பிரதமருக்குச் சொல்லும் அமைப்பு.

'ரா' எப்படிப் பிறந்தது?

1968 வரை உள்நாடு, வெளிநாடு இரண்டையும் ஐ.பி.யே பார்த்துக்கொண்டது. 1962ல் சீனாவுடன் போர். 1965ல் பாகிஸ்தானுடன் போர். எதிரி என்ன செய்யப் போகிறான் என்பது நமக்கு முன்கூட்டியே சரியாகத் தெரியவில்லை என்ற விமர்சனம் இரண்டு போருக்குப் பிறகும் எழுந்தது. வெளிநாட்டு உளவுக்கென்றே தனி அமைப்பு வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி முடிவு செய்தார். 1968 செப்டம்பரில் 'ரா' தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் ராமேஷ்வர் நாத் காவ்.

காவ் தேர்ந்தெடுத்து வளர்த்த அதிகாரிகளுக்கு 'காவ்பாய்ஸ்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அந்த முதல் தலைமுறையில் ஒருவர்தான் ராமன்.

பத்திரிகை ஆபீஸிலிருந்து போலீஸ் வேலைக்கு

1936ல் பிறந்த ராமன், 1956ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் முடித்தார். அதன்பிறகு இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழின் தென்னிந்தியப் பதிப்புகளில் 4 ஆண்டுகள் பத்திரிகையாளராக வேலை பார்த்தார். 1961ல் ஐ.பி.எஸ். கிடைத்தது. ஒதுக்கப்பட்ட மாநிலம் மத்தியப் பிரதேசம்.

சில ஆண்டுகள் வழக்கமான போலீஸ் வேலை. 1967ல் ஐ.பி.யின் வெளிநாட்டு உளவுப் பிரிவுக்கு வந்தார். அடுத்த ஆண்டே அந்தப் பிரிவு தனியாகப் பிரிந்து 'ரா' ஆனபோது, அவரும் அங்கே போனார். 1994 ஆகஸ்ட் 31ல் ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

தொடக்கத்தில் பர்மா, அதாவது இன்றைய மியான்மர் தொடர்பான பிரிவைக் கவனித்தார். நாகாலாந்து, மிசோரம் பகுதிகளில் ஆயுதக் குழுக்கள் இருந்த காலம் அது. எல்லையைத் தாண்டினால் பர்மா. அதனால் அந்தப் பிரிவு அன்றைக்கு மிக முக்கியம். பிறகு பாரிஸ், ஜெனீவா நகரங்களில் பணி. 1988 முதல் 1994 வரை 'ரா'வின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குத் தலைவர்.

அந்த 6 ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். பஞ்சாபில் காலிஸ்தான் பிரச்னை உச்சத்தில் இருந்தது. காஷ்மீரில் ஆயுதப் போராட்டம் வெடித்தது. 1991 மே 21ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1993 மார்ச் 12ல் மும்பையில் தொடர் குண்டுவெடிப்பு, 257 பேர் பலி. இதெல்லாம் நடந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் ராமன்.

'கேபினட் செக்ரடேரியட்' என்ற முகவரி

ஓய்வுக்குப் பிறகு ராமன் எழுதிய கட்டுரைகளின் அடியில் ஒரு அறிமுகக் குறிப்பு இருக்கும். 'கேபினட் செக்ரடேரியட்டின் கூடுதல் செயலாளர் (ஓய்வு)' என்று. 'ரா' என்ற பெயர் அதில் இருக்காது.

காரணம் இருக்கிறது. 'ரா' நிர்வாக ரீதியாக அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் வருகிறது. நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றி உருவாக்கப்பட்ட அமைப்பு அல்ல. அதனால் அதிகாரிகளின் பதவிப் பெயரும் செயலகத்தின் பெயரிலேயே இருக்கும். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும், இவர் எங்கே வேலை பார்த்தவர் என்று புரிந்துவிடும்.

சென்னைக்குத் திரும்பி எழுத்தாளர் ஆனவர்

ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் டெல்லியிலேயே தங்கிவிடுவார்கள். ராமன் சென்னைக்கு வந்தார். 'இன்ஸ்டிட்யூட் ஃபார் டாபிகல் ஸ்டடீஸ்' என்ற ஆய்வு அமைப்பின் இயக்குநராக இருந்தபடி எழுத ஆரம்பித்தார். அவுட்லுக், ரெடிஃப், சவுத் ஏஷியா அனாலிசிஸ் குரூப் எனப் பல இடங்களில் அவர் கட்டுரைகள் தொடர்ந்து வந்தன.

அவர் எழுதும் முறையே தனி. பத்திகளுக்கு 1, 2, 3 என எண் போட்டு எழுதுவார். அலுவலக அறிக்கை மாதிரி இருக்கும். அலங்காரம் கிடையாது. எது தெரிந்த தகவல், எது அதிலிருந்து தான் எடுத்த முடிவு என்பதைப் பிரித்து வைப்பார். பாகிஸ்தான் நாளிதழில் ஒரு வரி, ஒரு இயக்கத்தின் அறிக்கையில் ஒரு வரி, பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் என யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய தகவல்களைக் கோர்த்து ஒரு படத்தைக் காட்டுவார்.

இதைத்தான் உளவு உலகில் 'ஓப்பன் சோர்ஸ்' என்கிறார்கள். ரகசியமே இல்லாத, எல்லோருக்கும் கிடைக்கும் தகவலில் இருந்து எடுக்கும் உளவு. சினிமாவில் வருவது போல மாறுவேஷம், துப்பாக்கி எல்லாம் இந்த வேலையில் சிறு பகுதிதான். பெரும்பகுதி படிப்பது, ஒப்பிடுவது, சந்தேகப்படுவது, எழுதுவது. நல்ல நிருபருக்குத் தேவையான அதே குணங்கள்.

2002ல் 'இன்டெலிஜென்ஸ்: பாஸ்ட், பிரசென்ட் அண்ட் ஃபியூச்சர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். உளவு அமைப்புகள் எப்படி இயங்குகின்றன, எங்கே தவறுகின்றன என்று விளக்கும் புத்தகம். 2007ல் வந்தது 'தி காவ்பாய்ஸ் ஆஃப் ஆர் அண்ட் ஏ.டபிள்யூ'. தன் பணிக்கால நினைவுகளைச் சொல்லும் இந்தப் புத்தகம்தான் அவரைப் பரவலாகத் தெரிய வைத்தது.

அதில் ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. ஜார்ஜ் புஷ் (சீனியர்) அமெரிக்காவின் சி.ஐ.ஏ. தலைவராக இருந்தபோது, 'காவ்பாய்ஸ்' என்ற பெயரைக் கேள்விப்பட்டு, காவுக்கு ஒரு சின்ன 'கவ்பாய்' வெண்கலச் சிலையைப் பரிசாகக் கொடுத்தாராம். பிறகு அதே மாதிரி ஒரு பெரிய சிலை 'ரா' தலைமையகத்தில் வைக்கப்பட்டது என்கிறார் ராமன்.

ஆனால் புத்தகம் முழுக்கப் பெருமை மட்டும் பேசவில்லை. 'ரா'வின் வெற்றிகளைச் சொல்லும் அதே கையால் ஐ.பி.க்கும் 'ரா'வுக்கும் இடையிலான போட்டி, உள்ளே நடந்த குளறுபடிகள், அரசியல் தலையீடு ஆகியவற்றையும் எழுதினார்.

கார்கிலுக்குப் பிறகு...

ராமனின் இரண்டாவது வாழ்க்கை எழுத்தோடு நிற்கவில்லை. 1999ல் கார்கில் போர் நடந்தது. பாகிஸ்தான் படைகள் மலை உச்சிகளில் வந்து உட்கார்ந்தது நமக்கு எப்படித் தெரியாமல் போனது என்ற கேள்வி எழுந்தது. அதை ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. அதன் தலைவரும் ஒரு தமிழர்தான். திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம்.

இவர் கதையும் ராமன் கதைக்குப் பக்கத்தில் வரும். ஐ.ஏ.எஸ். அதிகாரி, கூட்டு உளவுக் குழுவின் தலைவர், டெல்லியில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர், ஓய்வுக்குப் பிறகு ஆங்கில நாளிதழ்களில் பாதுகாப்பு விவகாரங்களை எழுதிய பத்திரிகையாளர். அரசு, ஆய்வு, பத்திரிகை என மூன்றிலும் தடம் பதித்தவர். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் அப்பா என்றால் இன்றைய வாசகர்களுக்குச் சட்டென்று புரியும்.

கார்கில் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தாலும், உளவு அமைப்புகளின் குறைகளை மக்கள் படிக்கக்கூடிய வகையில் ஓர் அரசு அறிக்கை சொன்னது இந்தியாவில் அபூர்வம். அதன் தொடர்ச்சியாக உளவு அமைப்புகளைச் சீரமைக்க கிரிஷ் சக்சேனா தலைமையில் சிறப்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் ராமனும் உறுப்பினர். தேசியப் பாதுகாப்பு ஆலோசனை வாரியத்திலும் இடம்பெற்றார். 2003ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழு முன்பு தெற்காசியப் பயங்கரவாதம் பற்றிச் சாட்சியமும் அளித்தார்.

வெளிவராத கட்டுரை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட முக்கியக் குற்றவாளி டைகர் மேமன். அவருடைய தம்பி யாகூப் மேமன், ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட். குண்டுவெடிப்புக்கு முன்பே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனவர், 1994ல் இந்தியாவின் பிடிக்கு வந்தார். 2007 ஜூலையில் மும்பை தடா நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

அந்தச் செய்தியைப் படித்த ராமன், ரெடிஃப் தளத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். யாகூப்பை இந்தியாவுக்குக் கொண்டு வந்த நடவடிக்கையை ஒருங்கிணைத்தவர்களில் அவரும் ஒருவர். அதுவும் அவர் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு நடந்தது. அதனால் வெளியில் இருந்து கருத்துச் சொல்லும் ஆள் அல்ல. உள்ளே இருந்தவர்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். யாகூப் குற்றமற்றவர் என்று ராமன் சொல்லவில்லை. சதியில் அவருக்குப் பங்கு உண்டு என்பதில் ராமனுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிடிபட்ட பிறகு யாகூப் விசாரணைக்கு ஒத்துழைத்தார். பாகிஸ்தானின் பாதுகாப்பில் இருந்த தன் குடும்பத்தினர் சிலரையும் இந்தியா வந்து சரணடையச் சொல்லி இணங்க வைத்தார். தண்டனையைக் குறைக்கக் காரணமாகக் கூடிய இந்த விவரங்கள் நீதிமன்றத்தின் பார்வைக்குச் சரியாக வைக்கப்படவில்லை என்பதுதான் அவர் கவலை. குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது வேறு, தூக்கில் போடுவது வேறு என்பது அவர் வாதம்.

கட்டுரை தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ராமனே யோசித்தார். வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தளமும் அதை மதித்து வெளியிடவில்லை.

2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் யாகூப்பின் தூக்கை உறுதி செய்தது. அப்போதும் கட்டுரை வெளிவரவில்லை. புற்றுநோயோடு போராடிக்கொண்டே எழுதிவந்த ராமன், அதே ஆண்டு ஜூன் 16ல் சென்னையில் காலமானார்.

2015 ஜூலை இறுதியில் தூக்குத் தேதி நெருங்கியது. ராமனின் அண்ணனும் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியுமான பி.எஸ்.ராகவனின் அனுமதியோடு, ரெடிஃப் அந்தக் கட்டுரையை வெளியிட்டது. எழுதி 8 ஆண்டுகள் கழித்து.

நாடே பற்றிக்கொண்டது. தொலைக்காட்சி விவாதங்கள் முழுக்க ராமன் பெயர். தூக்கை நிறுத்தக் கோரியவர்கள் அந்தக் கட்டுரையைத்தான் கையில் எடுத்தார்கள். இறந்துபோன ஒருவரின் எழுத்தை வைத்து உயிரோடு இருப்பவர்கள் வாதாடினார்கள். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள யாராலும் முடியவில்லை.

ஜூலை 29 இரவு குடியரசுத் தலைவர் கருணை மனுவை நிராகரித்தார். ஜூலை 30 அதிகாலை 3 மணிக்கு மேல் உச்ச நீதிமன்றத்தின் கதவு திறந்தது. விசாரணை நடந்தது. மனு தள்ளுபடி. காலை 7 மணிக்கு முன்பே நாக்பூர் மத்திய சிறையில் தூக்கு நிறைவேறியது.

ஒரு கைது, மூன்று கதைகள்

யாகூப் எப்படிப் பிடிபட்டார்? இதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன.

* சி.பி.ஐ. சொன்னது: 1994 ஆகஸ்ட் 5ல் டெல்லி ரயில் நிலையத்தில் கைது செய்தோம்.

* யாகூப் சொன்னது: நானாகத்தான் வந்து சரணடைந்தேன்.

* ராமன் எழுதியது: இரண்டும் முழுமையாகச் சரியில்லை. யாகூப் கராச்சியில் இருந்து ரகசியமாக காத்மாண்டு வந்தார். இந்தியா திரும்பலாமா என்று ஓர் உறவினரிடமும் வக்கீலிடமும் ஆலோசனை கேட்டார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். திரும்பிப் போக இருந்த நேரத்தில் நேபாள போலீஸ் சந்தேகத்தின் பேரில் பிடித்தது. அங்கிருந்து எல்லை தாண்டிக் கொண்டுவந்து, அரசு விமானத்தில் டெல்லிக்கு ஏற்றி, அங்கே முறைப்படி கைது காட்டினார்கள்.

சரணடைந்தவரா, பிடிபட்டவரா, திரும்பி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சிக்கியவரா? ஒரு மனிதனின் உயிர் சம்பந்தப்பட்ட வழக்கில் இந்த வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. அதைத் தெரிந்த அதிகாரிகள் வெளியில் பேச முடியாது. பேசக்கூடிய நிருபர்களுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் நின்ற ஒருவர் எழுதினார், எழுதியதை நிறுத்தியும் வைத்தார்.

அவர் செய்தது சரியா? நாட்டின் ரகசியத்தைக் காக்கும் கடமை பெரிது, அவர் அமைதியாக இருந்ததே சரி என்பார்கள் ஒரு தரப்பினர். உயிர் போகும் விஷயத்தில் தெரிந்த உண்மையை, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே வெளியே சொல்லியிருக்க வேண்டும் என்பார்கள் இன்னொரு தரப்பினர். முன்பே வந்திருந்தால் நீதிமன்றம் அதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஏற்றிருக்கலாம், நிராகரித்தும் இருக்கலாம். கடைசி வாரத்தில் வந்ததால், சோதிக்க நேரமே இல்லாமல் போய்விட்டது. இதுதான் இந்தக் கதையில் உறுத்தும் இடம்.

இன்றைக்கு ராமன் இருந்தால் எழுத முடியுமா?

கஷ்டம்தான்.

1923ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம், ஐ.பி., 'ரா' போன்ற அமைப்புகளுக்கு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் தொடர்பான புகார்களில் மட்டும்தான் தகவல் கேட்க வழி.

ராமனின் 'காவ்பாய்ஸ்' வந்த அதே 2007ல், 'ரா'வில் பணியாற்றிய ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வி.கே.சிங் ஒரு புத்தகம் வெளியிட்டார். 'ரா'வில் நடந்த முறைகேடுகள் என்று அவர் கருதியவற்றை எழுதியிருந்தார். சி.பி.ஐ. அவர் வீட்டில் சோதனை நடத்தி, அலுவல் ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டது. ஒரே ஆண்டு, ஒரே அமைப்பு, இரண்டு புத்தகங்கள். ஒன்றுக்குப் பாராட்டு, இன்னொன்றுக்கு வழக்கு. எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று எழுதுபவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல்.

2021 மே 31ல் மத்திய அரசு ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அந்த அமைப்பின் பணி தொடர்பான எதையும் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது. அதற்கு உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். மீறினால் பென்ஷனில் கை வைக்கலாம். முக்கியமான ரகசியங்கள் கசிவதைத் தடுக்கத்தான் இது என்கிறது அரசு. அனுபவசாலிகளின் கருத்து மக்களுக்குக் கிடைக்காமல் போகும் என்கிறார்கள் விமர்சகர்கள்.

வெளிநாடுகளில் எப்படி?

உளவு அமைப்புகளைப் பற்றி எழுதுவதும் ஆராய்வதும் பிரிட்டன், அமெரிக்காவில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. பத்திரிகையாளராக இருந்து பேராசிரியர் ஆனவர்களும் அங்கே உண்டு.

அமெரிக்காவில் 1974 டிசம்பரில் சீமோர் ஹெர்ஷ் என்ற நிருபர், சி.ஐ.ஏ. சொந்த நாட்டு மக்களையே சட்டவிரோதமாகக் கண்காணித்தது என்று நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அடுத்த மாதமே செனட் விசாரணைக் குழு அமைத்தது. 1976ல் உளவு அமைப்புகளைக் கண்காணிக்க நிரந்தரக் குழுவே வந்துவிட்டது. தொடங்கி வைத்தது ஒரு பத்திரிகைச் செய்தி.

பிரிட்டனில் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5, தன் நூற்றாண்டை ஒட்டி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஆண்ட்ரூவைக் கூப்பிட்டு, தன் ஆவணங்களைத் திறந்துவிட்டு வரலாறு எழுதச் சொன்னது. 2009ல் புத்தகம் வந்தது. அடுத்த ஆண்டே வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6 வரலாறும் வந்தது. அதை எழுதியவரும் ஒரு பேராசிரியர்தான், கீத் ஜெஃப்ரி. இரண்டு அமைப்புகளுக்கும் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிச் சட்டமும் இருக்கிறது.

இந்தியாவில் அப்படி ஒரு அதிகாரபூர்வ வரலாறு வெளிவரவில்லை. ஐ.பி.க்கும் 'ரா'வுக்கும் தனிச் சட்டம் கொண்டுவர 2011ல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி தனிநபர் மசோதா தாக்கல் செய்தார். அது சட்டமாகவில்லை. அதனால் நமக்குத் தெரிவதெல்லாம் ராமன் மாதிரி சிலர் எழுதி வைத்துவிட்டுப் போனவைதான்.

'உளவுத்துறை எச்சரிக்கை' செய்தியை எப்படிப் படிப்பது?

இதெல்லாம் டெல்லி விவகாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். சுதந்திர தினம் நெருங்கினால் 'உளவுத்துறை எச்சரிக்கை, பாதுகாப்பு தீவிரம்' என்று செய்தி வரும். மதுரை ரயில் நிலையம், வைகை அணை எனப் பெயர்கள் அடிபடும். அது வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றும்போது பீதியாக மாறிவிடும். ராமன் எழுத்தில் பின்பற்றிய முறையை வைத்தே அத்தகைய செய்திகளைச் சோதிக்கலாம்.

1. யார் சொன்னது? 'உளவுத்துறை' என்றால் எந்த அமைப்பு? தனிப்பிரிவா, ஐ.பி.யா, 'ரா'வா? பெயர் இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுங்கள்.

2. தகவலா, கணிப்பா? 'நடந்தது' என்பதும் 'நடக்கலாம்' என்பதும் ஒன்றல்ல. எச்சரிக்கைகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் இருக்கும்.

3. வேறு யாராவது உறுதி செய்தார்களா? ஒரே இடத்தில் இருந்து வந்த தகவலை பத்து தளங்கள் எழுதினாலும் அது ஒரு தகவல்தான். பத்து ஆதாரம் ஆகிவிடாது.

4. சொன்னவருக்கு என்ன லாபம்? பெயர் சொல்லாத 'வட்டாரங்கள்' ஒரு தகவலைத் தரும்போது, அதற்கும் ஒரு நோக்கம் இருக்கலாம்.

5. பிறகு என்ன ஆனது? கைது செய்தி பெரிதாக வரும். வழக்கு என்ன ஆனது என்பது சின்னதாகக்கூட வராது. ஆறு மாதம் கழித்துத் தேடிப் பாருங்கள்.

ராமனின் வாழ்க்கை - ஒரு பார்வையில்

1936 - பிறப்பு
1956 - சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிப்பு நிறைவு. அதன்பின் 4 ஆண்டுகள் பத்திரிகைப் பணி
1961 - ஐ.பி.எஸ்.
1968 - 'ரா' தொடக்கம். முதல் தலைமுறை அதிகாரிகளில் ஒருவர்
1988-94 - பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் தலைவர்
1994 - ஓய்வு; பிறகு சென்னையில் ஆய்வு, எழுத்து
2000 - உளவு அமைப்புகளைச் சீரமைக்கும் சிறப்புக் குழுவில் உறுப்பினர்
2007 - 'காவ்பாய்ஸ்' புத்தகம். யாகூப் பற்றிய கட்டுரையை எழுதி நிறுத்தி வைத்தது
2013 ஜூன் 16 - சென்னையில் மறைவு
2015 ஜூலை - கட்டுரை வெளியீடு

பத்திரிகையில் 4 ஆண்டு, உளவில் 26 ஆண்டு, மறுபடியும் எழுத்தில் 19 ஆண்டு. ராமன் எழுதிய நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஆய்வாளர்களும் பத்திரிகையாளர்களும் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். ஆனால் அதிகம் பேசப்பட்டது, அவர் உயிரோடு இருந்தவரை யாரும் படிக்காத அந்த ஒரு கட்டுரைதான்.